ஐஸ் பெட்டியில் சுக்குட்டி

மீனா, என்றார் கண்டக்டர்
என் மடியிலிருந்த தெர்மோகோல் பெட்டியைப் பார்த்து.
சுக்குட்டிப் பழம், என்றேன்.
அதுக்கா இத்தனை ஐஸ், என்று முன்னால் போனார்.
பெட்டிக்கு லக்கேஜ் போடவில்லை, நல்ல மனிதர்.

ஏற்காடு இறங்கும்போது
ஏதோ ஒரு கொண்டை ஊசியில் காது அடைத்துத் திறந்தது.
கீழே சேலம்
வெயிலில் போட்ட தகரமாகக் கிடந்தது.

எல்லாம் ஒரே பழத்து விதை.
தை மாதம் அதைப் பிதுக்கி, சாம்பலில் புரட்டி,
காகிதத்தில் காயவைத்து
நாலு பொட்டலம் மடித்தவள் நான்தான்.
ஒன்று நாகலூரில், வெள்ளச்சி அக்காவின் மொட்டைச் சரிவில்.
ஒன்று அதே ஊரில், காப்பிக்கு நடுவே, சில்வர் ஓக் நிழலில்.
ஒன்று செவ்வாய்ப்பேட்டையில்
எங்கள் மொட்டை மாடியில், பெயின்ட் வாளியில்.
கடைசிப் பொட்டலம் வெள்ளைக்கல் சுரங்க ஓரம்,
மாது அண்ணனின் கொட்டகைக்குப் பின்னால்.
அங்கே மண் என்று சொல்வது
ஒரு மரியாதைக்குத்தான்.

சரிவில் விளைந்தது கறுத்திருந்தது.
பகலெல்லாம் மலை வெயில், ராத்திரி பல் கிட்டும் குளிர்;
பழத்துக்கு ஓடி ஒதுங்க இடமில்லை,
தோலிலேயே குடை நெய்துகொள்கிறது.
நிழலில் விளைந்தது பெரிசு, பளபளப்பு,
வாயில் போட்டால் தண்ணீர்.
மாடிப் பழம் வெளிறிச் சிவந்திருந்தது.
நடுநிசி வரை கான்கிரீட் விடும் மூச்சில்
எங்களுக்கே தூக்கமில்லை,
அது எங்கே சாயம் கட்டும்?

ஆய்வகத்தில் ஒரு திரவம் உண்டு, கத்திரிப்பூ ஊதா.
அதில் பழச்சாறு ஒரு சொட்டு.
அரை மணி இருட்டில் வைக்க வேண்டும்,
அந்த அரை மணியில்தான் டிபன் டப்பாவைத் திறப்பேன்.
திரும்பி வந்தால் ஊதா வடிந்து மஞ்சள்.
எவ்வளவு மஞ்சளோ
அவ்வளவு கொடுத்திருக்கிறது பழம்
தன்னிடமிருந்து.
ஐந்நூற்றுப் பதினேழு நானோமீட்டரில் கருவி அதை எண்ணாக்கும்.

மூன்று முறை ஓட்டினேன்.
மூன்று முறையும் கிராமுக்கு முதலிடம்
சுரங்க ஓரத்துப் பழத்துக்கு.

துறைத்தலைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.
நெருக்கடிதான்மா, நெருக்கடிதான் சத்து,
தலைப்பே அதுதான், என்றார்.

மாது அண்ணனுக்கு போன் போட்டேன்.
உங்க செடிதான் முதல்ல வந்திருக்கு.
சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.
பதினெட்டு வருஷம் கல்லுடைத்த இருமல்,
முடிய நேரமாகும், காத்திருந்தேன்.
பிறகு கேட்டார்:
அப்ப கஷ்டப்பட்டா நல்லதுங்கறீங்களா?

நான் அட்டவணையைப் பார்த்தேன்.
முப்பது விதை போட்டதில் எழுந்தது ஆறு.
நின்றது இரண்டு.
பழம் பதினொன்று,
மொத்தமும் ஒரு கரண்டிக்குக் காணாது.
நிழல் செடியில் பறிக்கப் பறிக்கப் பழம்,
வெள்ளச்சி அக்கா தெருவுக்கே வற்றல் போட்டாள்.
கிராமுக்கு எவ்வளவு என்று கேட்டால் ஒரு கதை,
செடிக்கு எவ்வளவு என்றால் வேறு கதை.
முளைக்காத இருபத்து நாலுக்கு
எங்கள் அட்டவணையில் கட்டமே கிடையாது.
அது நம்ம நோக்கத்துல வராதும்மா, என்பார் தலைவர்.
பென்சிலால் அடியில் எழுதி வைத்தேன்,
அழித்தாலும் தடம் தெரியும்படி, கொஞ்சம் அழுத்தி.

இல்லண்ணா, என்றேன்.
நல்லதுன்னு சொல்லல.
அதுக்கு வேற வழியில்ல,
அதான் அப்படிச் செஞ்சுக்குது.

மறுமுனையில் லாரி ஒன்று போகும் சத்தம்.
தூசி அடங்கும்வரை அவர் பேச மாட்டார், தெரியும்.

அந்த ரெண்டு செடியும் தலை தொங்கிக் கெடக்குதும்மா,
ஒரு குடம் தண்ணி ஊத்தட்டுமா?
உங்க கணக்கு கெட்டுப்போயிடுமா?

அடுத்த வாரம் இரண்டாம் பறிப்பு இருந்தது.
ஐஸ் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

ஊத்துங்க, என்றேன்.