பின்பக்கம் வெள்ளை

கொக்குவில் சந்தியில், ரியூட்டறிக்கு நேர் எதிரே,
ஒரு பக்கம் எட்டு ரூபாய்.
இரண்டாந்தரம் சோதினை எடுக்கிற எனக்கு
பகலில் இதுதான் வேலை.

நாலரைக்கு வகுப்பு விட்டதும்
சைக்கிள்கள் வந்து ஒன்றிலொன்று சாயும்.
பத்து வருட வினாத்தாள், புள்ளித்திட்டத்தோடு.
யாரோ ஒரு கெட்டிக்காரியின் கொப்பி, மட்டையிலிருந்து மட்டை வரை.
"கெதியா அக்கா, மழை வரப்போகுது."
சூடு ஆறாத தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
போகிற முகங்களில்
படித்து முடித்த களை.

எனக்கு அந்தக் களையைத் தெரியும்.
போன முறை என்னிடமும் இருந்தது,
மூன்று நிறப் பேனைகளோடு.
மஞ்சள் பூசாத வரி ஒன்றுகூட
என் உயிரியல் புத்தகத்தில் இல்லை.
மண்டபத்தில் தாளைத் திருப்பினேன்.
மஞ்சள் ஞாபகம் வந்தது.
இடப்பக்கம், கீழ்மூலை, தேத்தண்ணிக் கறைக்குப் பக்கத்தில்
என்பதுகூட வந்தது.
எழுத்து வரவில்லை.

இந்த மெசினும் அப்படித்தான்.
எத்தனை வருட உயிரியலை
வெளிச்சம் போட்டு, ஒரு குத்து விடாமல் பார்த்திருக்கும்!
சோதினைக்கு இருத்தினால்
ஒரு எஸ் கூட எடுக்காது.

கார்த்திகையில் ஒரு பின்னேரம் கரண்ட் போனது.
பாதி அச்சான தாள் உருளைக்குள் நின்றது.
மெல்ல இழுத்தெடுத்தேன்.
சிறுநீரகத்தி. மேலே கலன்கோளம், போமனின் உறை.
அதற்குக் கீழே வெள்ளை.
வெளியே மழை. கடையில் ஆளில்லை.
மிச்சத்தை நானே கீறிப் பார்த்தேன்.
அண்மை மடிந்த சிறுகுழாய் வந்தது.
ஹென்லேயின் தடம் இறங்கியது,
ஏற வழி தெரியாமல் அடியிலேயே நின்றது.
யாரும் பார்க்கவில்லை என்றாலும் வெட்கமாயிருந்தது.
நூறு முறை வாசித்த படம்.

கரண்ட் வந்ததும் மூலத்தைத் திறந்து
சிவப்பால் திருத்தினேன்.
அடுத்த நாள் சரியாய்க் கீறியவை மங்கியிருந்தன.
பிழைத்த இடம் மட்டும்
தலைக்குள் பிழைத்துக் கிடந்தது.

அன்றிலிருந்து
மை திட்டான தாள், சரிந்த தாள், இரண்டு ஒட்டி வந்த தாள்
எல்லாம் எனக்கு.
"கட்டி வை, கச்சான் சுத்தக் குடுக்கலாம்"
என்பார் முதலாளி கமலரூபன் அண்ணை.
அவருக்குத் தெரியாமல்
பின்பக்கம் முழுக்க எழுதுகிறேன்.
புத்தகம் லாச்சிக்குள், திறப்பு சட்டைப்பைக்குள்.
மூலையில் திகதி.
நாளைக்கு ஒருக்கா, நாலு நாள் விட்டு ஒருக்கா,
பிறகு மறந்தே போச்சுது என்கிற நேரம் பார்த்து
இன்னொருக்கா.
ஒருவர் ஐந்து பக்கம் கேட்டு வந்துபோனால்
உயிரியல் இரசாயனமாய் மாறிவிடும்,
அடுத்தவர் போனால் பௌதிகம்.
முதலில் எரிச்சல்தான்.
வினாத்தாளும் இப்படித்தானே
ஒழுங்கில்லாமல் கேட்கும் என்று
பிறகுதான் பட்டது.
இரவு பத்தரைக்குப் படுக்கிறேன்.
போன வருடம் விடிய விடிய இருந்ததில்
தேத்தண்ணி மட்டும்தான் உள்ளே போனது.

நேற்று மதுவந்தி வந்தாள்.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
சோதினைக்கு இரண்டே நாள்.
என்னத்தைச் சொல்ல? என் சம்பளமும் அதில்தான்.
எடுத்துக் குத்திக் கொடுத்தேன்.
வீதியைக் கடந்தவள் திரும்பி வந்தாள்.
"அக்கா, மேல ஒண்டு வெறுந்தாளாக் கிடக்கு."
"அதுக்குக் காசெடுக்கேல்லை" என்றேன்.
ஒரு மாதிரிப் பார்த்தாள். போய்விட்டாள்.
மெசின் விட்ட பிழையென்று நினைத்திருப்பாள்.

எனக்கும் ஒன்றும் முடிந்துவிடவில்லை.
ஹென்லேயின் தடத்தில் ஏறுபுயம்
இன்னமும் சிலவேளை வழுக்குகிறது.
நாளைக்குக் காலமை பஸ்சுக்குள்,
கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு,
புத்தகம் இல்லாமல்,
அடியிலிருந்து ஒருக்கா
ஏறிப் பார்க்கவேண்டும்.