இருபது கிராம்

அக்கார்டியன் ஒன்பது கிலோ.
விற்றவனே எழுதியிருந்தான்:
சிவப்பு உடல், எழுபத்திரண்டு பேஸ் பொத்தான்,
துருத்தியில் ஓட்டை இல்லை,
இறந்துபோன மாமனாருடையது.
மாமனாரைச் சேர்த்த இடத்திலேயே
நான் உஷாராகியிருக்க வேண்டும்.

இரண்டாயிரத்து முந்நூறு ஸ்லோட்டி.
டோருன் நகரத்தில் டிராம் ஓட்டுகிறவளுக்கு
அது பன்னிரண்டு இரவுப் பணி.
குழாய் வெடித்து நனைந்துபோன என் பழையது
அலமாரிமேல் வாயைப் பிளந்துகொண்டு கிடக்க
ஒரே தட்டலில் அனுப்பிவிட்டேன்.

பதினோராம் நாள் கைப்பேசி சொன்னது,
உங்கள் பார்சல் ஒப்படைக்கப்பட்டது.
கதவைத் திறந்து பார்த்தேன்.
மாடிப்படியில் ஈரக் குடை ஒன்று விரிந்து கிடந்தது.
மேல்வீட்டுக்காரருடையது.

பணப் பட்டுவாடா கம்பெனியிடம் போனேன்.
போனேன் என்றால் எங்கும் போகவில்லை,
டிப்போவின் காபி அறையில் உட்கார்ந்து
திரையைத் தடவினேன்.
இரண்டே கட்டங்கள் வைத்திருந்தார்கள்:
பொருள் வரவில்லை.
பொருள் சொன்னபடி இல்லை.
யார் வீட்டுக்கோ போய்விட்டது என்பதற்குக் கட்டம் கிடையாது.
வரவில்லை என்றேன்.
வந்தது என்றார்கள்.
ஊர் பொருந்துகிறது, அஞ்சல் எண் பொருந்துகிறது,
கையெழுத்தும் இருக்கிறது.
வராததற்கு ஆதாரம் ஏற்றவும்,
அவகாசம் பத்து நாள்.

வராததை எப்படிப் படம் எடுப்பது?
வெறும் மேஜையை எடுத்தேன்.
மேஜை அழகாக வந்திருந்தது.

நடுவில் அவன் எழுதினான், தேன் தடவி:
"புகாரை மூடிவிடுங்கள் சகோதரி,
மூடிய மறுநிமிடம் முழுப் பணம்."
மூடினால் மறுபடி திறக்காது என்று
பொடி எழுத்தில் போட்டிருந்ததை
கடைசி நிறுத்தத்தில், கண்ணாடியை மாற்றிக்கொண்டு
இரண்டு முறை படித்தேன்.
கிடக்கட்டும் திறந்தே.

அஞ்சலகத்தில்
வியெஸ்வாவா என்று பெயர்வில்லை குத்தியிருந்தவள்
விவரம் தர முடியாது என்றாள் முதலில்.
பிறகு கணினியைப் பார்த்தாள்.
பிறகு என்னை.
"எடை இருபது கிராம் என்றிருக்கிறதே."
"நான் வாங்கியது அக்கார்டியன்."
அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
சிரித்த வாயோடு முத்திரை குத்தி
எடையை எழுதிக் கொடுத்தாள்.
முகவரியை அவள் சொல்லவில்லை,
திரையை மட்டும் கொஞ்சம் திருப்பினாள்.

அந்த வீட்டில் ஜெனோன் க்ருக்,
ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்.
உறையை எறியாமல் வைத்திருந்தார்.
"யார் எனக்கு இதை அனுப்பியிருப்பார்கள் என்று
ஒரு வாரமாக யோசிக்கிறேன்."
தலையில் ஒற்றை முடி இல்லாத மனிதருக்கு
மஞ்சள் தும்பி ஒட்டிய ஹேர்கிளிப்.
ஜன்னல் திரையை ஒதுக்கி
அதைக் குத்தி வைத்திருந்தார்.
எனக்காகக் கழற்றியபோது
அறை இருட்டானது.

அவருடைய சமையல் தராசில்
உறையும் தும்பியும் சேர்த்து வைத்தோம்.
இருபது. பிசகாமல் இருபது.
படம் எடுத்து ஏற்றினேன்,
மூவர் சாட்சி சொல்வதுபோல்
முத்திரை, தராசு, தும்பி.

பிறகு பதினேழு நாள் பரிசீலனை.
விடியற்காலை நான்கு பத்துக்கு,
ஏறவும் ஆளில்லை இறங்கவும் ஆளில்லை என்ற
ஒரு நிறுத்தத்தில் கதவைத் திறந்து மூடும்போது
பணம் திரும்பியது.
பத்தொன்பது ஸ்லோட்டி குறைவாக.
மாற்று விகிதமாம்.
யார் எதை எதாக மாற்றினார்களோ.

அதே சிவப்பு அக்கார்டியன், அதே படம்,
நேற்று வேறொரு பெயரில் விற்பனைக்கு வந்திருக்கிறது.
மாமனார் இப்போது சித்தப்பா.
எழுதிப் போட்டிருக்கிறேன், பார்ப்பார்களாம்.

கிளிப்பை ஜெனோனிடம் கொடுத்துவிட்டேன்.
வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து
கேட்கவில்லை.