சோப்பில் ஒரு வட்டம்

கிளாஸ்கோவின் நகைக்கடைகள் பாதிக்கு மேல்
கண்ணாடிக் கூரை போட்ட ஒரே சந்துக்குள்
நெருக்கியடித்து நிற்கின்றன.
மழைக்கு ஒதுங்கியவனா, வாங்க வந்தவனா என்று
காலணியைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.
என் காலணியில்
காலையில் அள்ளிய குப்பையின் ஈரம்.

உள்சட்டைப் பையில் அறுநூற்று நாற்பது பவுண்டு.
அவை பதினேழு ஞாயிற்றுக்கிழமைகள்.
ஊர் போர்வைக்குள் புரளும்போது
லாரியின் பின்னால் ஓடி ஓடிச் சேர்த்தவை.
இன்னொரு பையில்
ரொட்டித் தாளில் சுற்றிய சோப்பு.

ஷோனா குளிக்கக் கழற்றி வைத்த வெள்ளி வளையத்தை
அதில் அழுத்தி அச்செடுத்திருந்தேன்.
"விரல் அளவு" என்று நீட்டினேன்.
திருமதி கால்டருக்கு என்னைவிட
நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.
முகம் மாறாமல் வாங்கி
ஒட்டியிருந்த கம்பளி இழையை ஊதிவிட்டு
"லாவெண்டரா?" என்றார்.

பிறகு கணக்கு.
அரை கேரட் ஒரு விலை.
அதில் மூன்று புள்ளி குறைந்தால்
மாடிப்படியில் கால் தவறியவன் மாதிரி
விலை விழுகிறது.
"வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது."
தெரியாததற்கா இருநூறு பவுண்டு
என்று கேட்க வாயெடுத்து
பூதக்கண்ணாடிக்குள் குனிந்துகொண்டேன்.
கல்லுக்குள் ஒரு கரும்புள்ளி.
எங்கள் குளியலறைச் சுவரில் பூஞ்சை
இப்படித்தான் தொடங்கியது.

விழுந்த விலையும்
என் பணத்துக்கு இரண்டு படி மேலேயே நின்றது.

அவர் வேறொரு தட்டைத் தள்ளினார்.
"உலையில் விளைந்தது. அதே கரி, அதே கடினம்.
ஆறு வாரத்தில் வளர்த்துவிடுவார்கள்."
"மற்றது?"
"நூறு கோடி வருஷம்."
விற்கப் போனால் ஒன்றும் தேறாது என்பதையும்
மறைக்காமல் சொன்னார்.
விற்கும் நாளை நினைத்து மோதிரம் வாங்க
நான் என்ன அடகுக்கடைக்காரனா.

நாங்கள் ஒரே வீட்டில் பதினான்கு மாதம்.
அதற்குள் எப்படித் தெரியும் என்று
என் அண்ணன் டுகல் கேட்டிருந்தான்.
ஆறு வாரத்தில் ஒன்று
இவ்வளவு கெட்டியாகலாம் என்று கேட்டதும்
எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஷோனா முடி திருத்துகிறவள்.
நாளுக்குப் பன்னிரண்டு தலை
அவள் விரல்களுக்குள் போய் வரும்.
நான்கு நகங்கள் தூக்கிப் பிடித்த கல்லை எடுத்து
என் தாடியில் ஓட்டிப் பார்த்தேன்.
பிடித்துக்கொண்டது.
திருமதி கால்டரும் ஓர் இடுக்கியும் சேர்ந்து
என்னை விடுவிக்க இரண்டு நிமிடம்.
பக்கத்தில் நின்ற ஜோடி
எதிர்க்கடைக்குப் போயிற்று.
"அடுத்தது" என்றேன்.
அதுவும் பிடித்தது.
மூன்றாவது, நான்காவது.
கண்ணாடி மேசையில் மூன்று செம்முடிகள்.
அவருக்குச் சிரிப்பு வந்து
இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

ஐந்தாவது
வெண்ணெயில் கத்திபோல் வழுக்கிப் போயிற்று.
சுற்றிலும் விளிம்பு கட்டி
தாழ உட்கார்ந்த கல்.
மிளகளவு கூட இல்லாத வெளிச்சம்.
"இதைத் தூரத்திலிருந்து யாரும்
கவனிக்க மாட்டார்கள்" என்றார்.
தூரத்தில் இருப்பவர்களுக்கு
நான் ஒன்றும் வாங்க வரவில்லையே.

ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
மீதியில் இருபதை மின்சார மீட்டருக்குப் போட்டேன்.

பெட்டி இப்போது
என் பழைய வேலைக் கையுறைக்குள் இருக்கிறது.
அந்த நாற்றத்துக்கு அவள் பக்கத்தில் வர மாட்டாள்.
சோப்பு மறுபடி தொட்டி ஓரத்தில்.
நேற்றிரவு உள்ளிருந்து கேட்டாள்:
"இதில் என்ன வட்டம்?"
தெரியாது என்றேன்.

இன்று காலை எடுத்துப் பார்த்தேன்.
பள்ளம் பாதி ஆழம்தான் மிச்சம்.
சாயம் போக அவள் கை கழுவுகிற வேகத்துக்கு
வியாழன் வரைக்கும் தாங்கும்.