கிணற்றில் இறக்கியது

செவ்வாயும் சனியும் லாரி வரும்.
வீட்டுக்குப் பத்துக் குடம். பதினொன்றாவது கேட்டால்
டிரைவர் ஜோபி மலையாளத்தில் சிரிப்பான்,
தமிழில் மறுப்பான்.

கொழிஞ்சாம்பாறையில் இது மூன்றாவது மாதம்.
ஆழியாற்றுத் தண்ணீருக்காக
இரண்டு தலைநகரங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருக்க
நான் அடுக்களைச் சுவரில் கரியால் எழுதினேன்:
ஒரு குடம் பீருக்கு
ஏழு குடம் தண்ணீர்.

"ஏழா?" என்றாள் ஜெசிந்தா.
வேறொன்றும் சொல்லவில்லை.
எண்ணெய்ப் பிசுக்கேறிய தலையை முடிந்துகொண்டு
சுவரையே பார்த்தாள்.

அன்றிலிருந்து ஏழைக் குறைப்பதே என் வேலை.
சொல்லிப் பார்த்தால்
அரசாங்கத் திட்டம் போல இருந்தது.

முளைகட்ட ராகி ஊறிய நீர் ஆட்டுக்கு.
குடித்துவிட்டு என் கையைப் பார்க்கும்.
புட்டிகளைக் கழுவவில்லை;
இட்லிப் பானையில் கவிழ்த்து அவித்தேன்,
ஒரு செம்புத் தண்ணீரில் முப்பது புட்டி,
ஞாயிற்றுக்கிழமை மாதிரி வீடெல்லாம் ஆவி.
கசப்புக்கு நிலவேம்பு.
நுரைக்க, சித்தூர் கள்ளுக்கடையில் கெஞ்சி வாங்கிய அடிமண்டி
ஹார்லிக்ஸ் பாட்டிலில், மூடியை முட்டிக்கொண்டு.
ஏழு ஐந்தானது. ஐந்து நான்கு.

அதற்குக் கீழே இறங்கவில்லை.
கொதித்த சாறு ஆற வேண்டும், சட்டென்று,
கிருமி மோப்பம் பிடிப்பதற்குள்.
அதற்கு ஓடும் தண்ணீர் வேண்டுமாம்.
ஓடும் தண்ணீர்!
குழாயைத் திறந்தால்
காற்று வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிற தெருவில்.

பின்னால் கிணறு இருக்கிறது.
இருக்கிறது என்றால், நாற்பது அடி ஆழம்.
அடியில் பாறை, ஒரு பிளாஸ்டிக் பந்து, என் இடது செருப்பு.
செருப்பை எடுக்க இறங்கிய அன்று
ஏறி வர மனமில்லாமல் நின்றேன். அவ்வளவு குளிர்.
தண்ணீர் எழுந்து போன பிறகும்
படுத்திருந்த இடம் சில்லென்றுதான் இருந்தது.

சனி இரவு
மூடியின் விளிம்பில் மைதா பூசி, கயிறு கட்டி
பானையை இறக்கினேன்.
கப்பிக்கு ஒன்றும் புரியவில்லை.
நிறைந்தது கீழே போகிறது,
வெறுங்கயிறு மேலே நிற்கிறது.
அது பழகிய வேலை தலைகீழாகிக் கிரீச்சிட்டது.

விடிவதற்குள் இழுத்தேன்.
பானை தளும்பும் சத்தம்.
மதிலுக்கு மேல் ராவுத்தர் வீட்டு அனீபாவின் தலை.
"கிணத்துல தண்ணி! எடிசன் மாமா கிணத்துல தண்ணி!"

நான் வாய் திறப்பதற்குள் தெரு வந்துவிட்டது.
பச்சை, நீலம், ஆரஞ்சுக் குடங்கள்.
வாயில் பேஸ்ட் நுரையோடு தங்காயி,
நைட்டியில் வாசந்தி சேச்சி,
யாரோ கயிற்றோடு, யாரோ ஊதுபத்தியோடு.
ஊதுபத்திதான் என்னை உடைத்தது.

மூடியைத் திறந்து காட்டினேன்.
கருப்பாக, கருப்பட்டி வாசனையோடு,
இரண்டரைக் குடம் தண்ணீர்
ஒரு குடமாக உட்கார்ந்திருந்தது.
யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
ஊதுபத்தியை ஒருவர் கைவிரலால் நசுக்கி அணைத்தார்.

ராவுத்தர் மட்டும் போகவில்லை.
பானையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார்,
எடுத்தார், மறுபடி வைத்தார்.
"ஜமீலாவோட இன்சுலின் இதுக்குள்ள இறக்கலாமா?
மூணு நாளா கரண்டும் நிக்கறதில்ல."

இப்போது கிணற்றில் ஒன்பது கயிறு.
இன்சுலின், ஆட்டுப்பால்,
தங்காயி விற்கிற மல்லிகை,
சேச்சியின் மத்திக் குழம்பு.
மல்லிகைக்கும் மத்திக்கும் தினமும் தகராறு.
என்னுடையது சிவப்புக் கயிறு, எதிர் ஓரத்தில்,
ராவுத்தரின் கயிற்றைத் தொடாத தூரத்தில்.
அவர் கேட்கவில்லை. நானே தள்ளிக் கட்டினேன்.

புளித்து முடிய இன்னும் பன்னிரண்டு நாள்.
நேற்று சுவரில் நான்கை அழித்து
இரண்டரை என்று பெரிதாக எழுதினேன்.
காலையில் பார்த்தால்
ஜெசிந்தா திரும்பவும் நான்கு போட்டிருக்கிறாள், என் கணக்கில்.

மிச்சம் ஒன்றரைக் குடம் எங்கே என்று
கேட்கத் திரும்பினேன்.
அவள் தலை ஈரமாக இருந்தது.