அடுத்த மாதம் வந்த முகமூடி

முதல் இரவு பதினேழு நிமிடம்.
இரண்டாம் இரவு இருபத்து மூன்று.
மூன்றாம் இரவு
போட்டது தெரியும், கழற்றியது தெரியாது.
விடியற்காலையில் கட்டிலுக்கடியில் கிடந்து
தனியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் எழுதி வைக்கிறது பெட்டி.
தெலுக் இந்தான் ஆஸ்பத்திரியில்
மிஸ்ஸி நோராய்னி அதைப் படித்துவிட்டு
என்னைப் பார்த்தாள்,
பால் குறைவாகக் கொண்டுவந்தவளை
நிறுவைக்காரர் பார்ப்பதுபோல.
மணிக்கு முப்பத்தெட்டு தடவை
மூச்சு நின்றுபோகிறதாம் எனக்கு.
போட்டுத்தான் ஆகணும் ஆண்டி, என்றாள் மலாயில்.

முகமூடி எனக்குப் புதிதா?
கேட்டுக் கிடைக்காத பொருள் அது.
பத்தொன்பது வருடம்
முதுகில் பம்பு, கையில் குழாய்,
செம்பனை அடியில் புல்லுக்கு மருந்தடித்தேன்.
அடுத்த மாதம் வரும் என்றார் கிராணி.
குட்மார்னிங் துண்டை நனைத்து
மூக்குக்கு மேல் கட்டிக்கொண்டோம்.
ஒன்பது மணி வெயிலில் துண்டு காய்ந்துவிடும்;
அப்புறம் உப்பும் மருந்தும் ஒரே ருசி.
இப்போது,
லங்காப் கடைத்தெருவுக்குப் பின்னால்
தவணை வீட்டில் குடியேறிய பிறகு,
தவணையிலேயே
வந்து சேர்ந்திருக்கிறது அந்த அடுத்த மாதம்.

வாரை இறுக்கினால் கன்னத்தில் பள்ளம்.
தளர்த்தினால் கண்ணுக்குள் காற்று.
கொண்டை போட்டால் வழுக்குகிறது,
பின்னிப் போட்டால் பின்னல் உறுத்துகிறது.
மழை பெய்யும் இரவில்
குழாய்க்குள் தண்ணீர் கோத்துக்கொண்டு
களக் களக்கென்று
யாரோ கொப்பளிக்கிறார்கள் என் காதோரம்.

கன்னத்துக் கோட்டைப் பார்த்துவிட்டு
மீன்கடை லிம் கேட்டார்: வீட்டில் சண்டையா?
ஆமாம், என்றேன். காற்றோடு.

பகலில் போட்டுப் பழகச் சொன்னாள் மிஸ்ஸி.
நாலரை மணி சீரியலை
முகமூடியோடு உட்கார்ந்து பார்த்தேன்.
மருமகள் அழுதாள், நானும் அழுதேன்.
மூக்கு அடைத்துக்கொண்டு
அன்றைய பழக்கம் அதோடு போயிற்று.
கேஸ் தோம்பு கொண்டுவந்த பையன்
வாசலிலேயே இறக்கிவிட்டு ஓடினான்.

பழைய கைலியைக் கிழித்து
வாருக்கு உறை தைத்தேன்.
மிச்சத்தில் குழாய்க்கு ஒரு சட்டை.
அதன் பிறகும் ஒரு விசில்.
வலது பக்கம்.
படுத்ததும் தொடங்கும், கெண்டி கொதிப்பதுபோல.
நாலு நாள் பெட்டியைத் திட்டினேன்.
ஐந்தாம் நாள்தான் கைக்குத் தட்டுப்பட்டது:
மூக்குத்தி.

பன்னிரண்டு வயதில் குத்தியது.
குழந்தைப்பேற்றிலும் கழற்றவில்லை.
சோப்பு நுரை தடவித் திருகாணியைச் சுற்றினேன்.
அமிர்தலிங்கம் டார்ச் பிடித்தார்.
கழற்று என்றும் சொல்லவில்லை,
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
கண்ணில் வெளிச்சம் அடிக்குது, தள்ளிப் பிடிங்க,
என்றேன் நான்தான்.

இரவெல்லாம் அது மைலோ டின் மூடியில் இருக்கும்.
காலையில் பசியாறியதும் போட்டுக்கொள்கிறேன்.
சில நாள் மறந்துபோகிறது.
கண்ணாடியில், வெறும் துளையோடு,
வேறு யாரோ ஒருத்தி.
அவள் நன்றாகத் தூங்கியிருக்கிறாள்.

என் குறட்டைக்குப் பயந்து
ஒன்பது வருடமாக ஹாலில் படுத்தவர்
நேற்று மூன்று மணிக்கு வந்து நின்றார்.
சத்தமே இல்லையே என்று பயந்துவிட்டாராம்.
மூக்கருகே விரல் வைத்துப் பார்க்க இடம் தேடி,
கிடைக்காமல்,
நெஞ்சு ஏறி இறங்குவதைக் கொஞ்சம் பார்த்துவிட்டு
தலையணையை எடுத்துவந்து படுத்தார்.
முகமூடியின் சிறு துளைகள் வழியே
என் மூச்சு அவர் பிடரியில் விழுந்தது.

ஜில்லுனு அடிக்குது,
அந்தப் பக்கம் திரும்பு, என்றார்.

திரும்பினேன்.
குழாய் எட்டவில்லை.
மறுபடி இந்தப் பக்கமே
திரும்பிக்கொண்டேன்.