ஆறாம் பதிப்பு, அடிக்குறிப்பு 212

டிசம்பர் விடைத்தாள்களுக்கு
என்னை இரண்டாம் மதிப்பீட்டாளராகப் போட்டிருந்தார்கள்.
ட்ரொம்சோவில் அப்போது பகல் என்பது
பதினொரு மணிக்கு வந்து
ஒரு மணிக்குக் கிளம்பிவிடும் நீலநிறம்.

ராக்ன்ஃப்ரித் த்வெய்தன்
மேல்முறையீட்டு மன்றத்தில் இருபத்திரண்டு ஆண்டு இருந்தவர்.
ஓய்வுக்குப் பின் ஒன்பது ஆண்டாகச் சொத்துரிமைச் சட்டம் நடத்துகிறார்.
அவர் எழுதிய புத்தகத்தை மாணவர்கள் 'செங்கல்' என்பார்கள்.
அவருக்கும் தெரியும்.

மூன்றாம் கேள்வி: கீழ்க்கண்ட தீர்ப்பை விமர்சிக்கவும்.
பெயர்களை அழித்த நாலு பக்கம்.
பனிமான் மேய்க்கும் ஒரு குடும்பம்,
கடலுக்குள் நீளும் ஒரு முனை,
அதை விலைக்கு வாங்கிய கம்பெனி.
தொடர் அனுபோகம் நிரூபிக்கப்படவில்லை,
வழக்கு தள்ளுபடி.

நாற்பத்தொரு பேரில் முக்கால்வாசி
தீர்ப்போடு ஒத்துப்போனார்கள்.
பி, சி, பி, பி.
அவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே
பக்கங்களைத் தள்ளினார்.

பரீட்சார்த்தி எண் 37.
எழுத்துப்பிழை ஏழு, அடித்தல் திருத்தல் வேறு.
நடுவில் ஒரு பத்தி:
'மந்தை ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் வந்தது.
வராத வருடத்தில் பாசி வளர்ந்தது.
நீதிபதி மான்களை எண்ணியிருக்கிறார்,
பாசியை எண்ணவில்லை.
நிலத்துக்கு ஓய்வு விட்டதை
நிலத்தைக் கைவிட்டதாக வாசித்துவிட்டார்.'

வெளியே பனி அள்ளும் வண்டியின் மஞ்சள் விளக்கு
சுவரில் நாலைந்து தடவை சுற்றிப் போனது.
"இது என் தீர்ப்பு" என்றார்.
"எண்பத்தேழு, மார்ச். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.
அது காரணமில்லை. சும்மா சொல்கிறேன்."

நான் 'ஏ' என்று எழுதப் போனேன்.
"முதல் கேள்வியில் சட்டத்தின் ஆண்டையே
தப்பாக எழுதியிருக்கிறது, பாருங்கள். பி" என்றார்.

அடுத்த இலையுதிர்காலம் ஆறாம் பதிப்பு வந்தது.
நேராக 212க்குப் போனேன்.
'இத்தீர்ப்பு தவறு. ஓய்வு விடுதல் கைவிடுதல் ஆகாது.
இவ்வாதம் ஒரு தேர்வு விடைத்தாளில் கிடைத்தது;
எழுதியவர் பெயர் தெரியாது.
தீர்ப்பை எழுதியவர் பெயர் அட்டையில் உள்ளது.'

அந்த முனையில் இப்போது மீன்தூள் ஆலை.
அடிக்குறிப்பை நிறைவேற்ற
எந்த அமீனாவும் போவதில்லை.
அன்று வழக்காடிய நீலாஸின் மகள்
அல்தாவில் பேருந்து ஓட்டுகிறாளாம்.
அவளுக்கு ஒரு பிரதி அனுப்பினார் த்வெய்தன்,
ஆயிரத்து நூறு பக்கம்,
எந்தப் பக்கத்திலும் அடையாளம் வைக்காமல்.

பதில் வரவில்லை.
வர வேண்டியதில்லை என்று சொன்னார்.
கொஞ்ச நேரம் கழித்து
இன்னொரு முறையும் சொன்னார்.