அறுபத்து மூன்றின் பால்

டிசம்பர். ஆர்ஹூஸில் மூன்றரைக்கே விளக்குப் போட்டாயிற்று.
தன் முழங்காலைப் பார்க்க வந்திருந்தார் ஐனார் முன்க்ஹோல்ம்.
வெட்டியெடுத்து ஏழு வாரம்.
புது மூட்டு, கோபால்ட்டும் பிளாஸ்டிக்கும்,
கால்சட்டைக்குள் இன்னும் வீங்கியிருந்தது.
ஊன்றுகோலைக் குளிர்பெட்டியில் சாய்த்துவிட்டு
"எங்கே அது?" என்றார்,
வேறு வாசலில் விழுந்துவிட்ட கடிதத்தைக் கேட்பதுபோல.
நாற்பத்தொரு வருடம் சைக்கிளில் தபால் கொண்டுபோனவர்.

எடுத்துக் காட்டினேன்.
கட்டைவிரல் நகத்தளவு.
ஓரத்தில் கொஞ்சம் வெண்மை மிச்சம்,
நடுவில் நார்நாராக உரிந்து
எலும்பு தெரிந்தது.
"இவ்வளவுதானா?"

இவ்வளவுதான்.
குருத்தெலும்பு என்று பெயர்.
பெயரில் மட்டும்தான் குருத்து;
ஒருமுறை விட்டதோடு சரி.
இரத்தம் உள்ளே வராது, நரம்பு நுழையாது.
தேய்வது அதற்கே தெரியாது,
அடியில் கிடக்கும் எலும்புதான் கடைசியில் அலறும்.
செல்கள் தனித்தனி அறைகளில்
ஒன்றின் முகம் ஒன்று பாராமல் குடியிருக்கும்.
காலை ஊன்றினால் பிழிபடும், எடுத்தால் உறிஞ்சும்,
அந்தக் கசிவில்தான் பசியாறும்.
நடையே அதற்குச் சோறு.

ஒரு துணுக்கை எரித்துக் கரியாக்கி
அணு அணுவாக எண்ணியிருந்தோம்.
வானத்தில் குண்டு வெடித்துப் பார்த்த வருடங்களின் கரி:
காற்றிலிருந்து புல்லுக்கு, புல்லிலிருந்து மாட்டுக்கு,
பாலாகி உங்கள் குவளைக்கு.
அறுபத்து மூன்று.
அப்போது உங்களுக்குப் பதினைந்து.
முழங்கால் தன் நாரைப் பின்னி முடித்து
ஊசியைக் கீழே வைத்த வயது.
பிறகு கையில் எடுக்கவேயில்லை.
தோல் எத்தனையோ முறை உதிர்ந்துவிட்டது,
இரத்தம் மாறிக்கொண்டே இருக்கிறது,
இது மட்டும் அதே.

ஐனார் நெடுநேரம் பேசவில்லை.
"அந்த வருடத்துப் பால்" என்றார் பிறகு,
"எங்கள் வீட்டுப் பால் இல்லை.
அக்காள் டோர்த்தெ வேலைபார்த்த பண்ணையில்
இருட்டோடு போய்த் திருடிக் குடித்தது.
அதுவும் கணக்கில் வருமா?"

வரும் என்றேன்.

அடுத்த மேசையில் விபேகெ
கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.
மூக்கிலிருந்து கிள்ளிய செல்கள்,
மூட்டுக்கு ஒட்டுப்போட வளர்த்தவை.
பெருகச் சொன்னால் பெருகும்;
பெருகப் பெருகத் தாம் யாரென்று மறந்துவிடும்.
நேற்று ஒரு தட்டு முழுக்க வடுவாகிப் போனது.
அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை.

"எனக்கில்லை" என்றார் ஐனார்,
அவள் முதுகைப் பார்த்து.
"பேத்தி ஹேண்ட்பால் ஆடுகிறாள். பத்தொன்பது.
போன மாதம் விழுந்தாள்.
படம் எடுத்தார்கள், இதே இடம்."
விபேகெ குழாயை மூடினாள்.
"இன்னும் தெரியாது" என்றாள்.
"ஆட்டுக்கு இரண்டு வருடம் தாங்கியது. சில ஆட்டுக்கு."

அவர் தலையசைத்தார்.
போகும் முன் குப்பியைத் திருப்பிப் பார்த்தார்:
எண் இருந்தது, பெயர் இல்லை.
"முகவரி சரியாக எழுதவில்லை" என்றார்.
சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை.

படிக்கட்டில் இறங்குவது கேட்டது.
சொல்லிக்கொடுத்தபடி வலது முதலில்:
உலோகம்.
அப்புறம் இடது,
கையில் பால் குவளையோடு
சத்தம் வராமல் இறங்கும் பையன்.